எண்பலகை இல்லாத வேகம்

லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம் என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் மின் ஸ்கூட்டர்களும் மின் சைக்கிள்களும் இன்று தமிழகத்தின் சிற்றூர்வரை வந்துவிட்டன. இந்தச் சலுகைக்காகச் சட்டம் விதித்த நிபந்தனை, வண்டியின் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது. சாலையிலோ இவற்றில் பல 40, 50 கி.மீ. வேகத்தில் டவுன் பஸ்ஸை முந்திக்கொண்டு போகின்றன. வேகப்பூட்டைத் திறந்துவிட்டு, பார்வைக்கு மட்டும் சாதுவான வண்டியாக வைத்துக்கொள்வது ஒரு சாமர்த்தியமாகவே பேசப்படுகிறது. அந்தச் சாமர்த்தியத்துக்கான விலையைப் பெரும்பாலும் வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

கடையிலேயே தொடங்குகிறது

கடைக்காரர்கள் இதை ரகசியமாகச் சொல்வதுகூட இல்லை. “25-ல போனா சைக்கிள்காரன் உங்கள முந்திட்டுப் போயிடுவான் சார். லாக்க எடுத்துத் தர்றேன், 45 தாராளமா போகும். நம்பர் பிளேட்டே கிடையாது, யாரு நிறுத்தப் போறாங்க?” என்கிற பேச்சு, சீட் கவர் இலவசம் என்று சொல்கிற அதே குரலில் வரும். வாங்குகிறவருக்கும் அது குற்றமாகத் தோன்றுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளின் முழுத் திறனையும் பயன்படுத்துவதில் என்ன தவறு என்றே நினைக்கிறார்.

இதற்குப் பெரிய தொழில்நுட்பமும் தேவையில்லை. பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கன்ட்ரோலர் என்ற சிறு பெட்டி. வேகத்தைக் கட்டிவைத்திருப்பது அதில் உள்ள ஓர் அமைப்பு மட்டுமே. மோட்டார் முதலிலிருந்தே பெரிதாக இருக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் 250 வாட் என்பது ஸ்டிக்கரில் மட்டும்தான்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. 1,000 வாட், 1,500 வாட் மோட்டார் பொருத்திய சக்கரத்தை இணையத்தில் வாங்கி, சாதாரண சைக்கிளில் மாட்டி, பேட்டரியைத் துணிப்பைக்குள் ஒளித்து, பெயர்ப் பட்டையைச் சுரண்டிவிட்டு ஓட்டுகிறவர்கள். இவர்களுக்கு வேகம் மட்டும் போதாது. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் சைக்கிளாகத் தெரிய வேண்டும். ‘ஸ்டெல்த்’ என்று தங்களுக்குள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

சலுகை ஏன் வந்தது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் பேட்டரி வண்டிகளில் ஒரு பிரிவை மட்டும் மோட்டார் வாகனமாகக் கருதாமல் விட்டுவைத்திருக்கின்றன. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் கீழே, உச்ச வேகம் 25 கி.மீ.க்குக் கீழே, பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் வேண்டும். மிதித்து ஓட்டும் மின் சைக்கிளாக இருந்தால், மிதிப்பதை நிறுத்தினாலோ 25 கி.மீ.யைத் தொட்டாலோ மோட்டார் தானே நின்றுவிட வேண்டும். புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் (ஏஆர்ஏஐ), நம் ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் போன்ற அமைப்புகள் சோதித்துச் சான்றளித்த மாதிரிகளுக்கே இந்த விலக்கு.

250 வாட் என்பது ஒரு குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்கு. ஆரோக்கியமான இருவர் சேர்ந்து சைக்கிள் மிதித்தால் கிடைக்கும் பலம் என்று வைத்துக்கொள்ளலாம். சமதரையில் ஒருவரை ஏற்றிக்கொண்டு 25 கி.மீ. வேகத்தில் போக அது போதும். அதாவது, சட்டம் இந்த வண்டியைச் சைக்கிளின் இனத்தில் சேர்த்தது. சைக்கிளுக்கு லைசென்ஸ் கேட்பதில்லை என்பதால் இதற்கும் கேட்கவில்லை.

அதே வண்டியை 50 கி.மீ. வேகத்தில் ஓட்டுவதற்குக் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். 1,200 வாட்டுக்கு மேல் தேவைப்படும். அந்த வேகத்தில் ஓடும் வண்டி எதுவாக இருந்தாலும் அது சைக்கிளின் இனத்தில் இல்லை, டிவிஎஸ் எக்ஸ்எல்லின் இனத்தில் இருக்கிறது. எக்ஸ்எல்லுக்கு எண்பலகை உண்டு, ஓட்டுபவருக்கு லைசென்ஸ் உண்டு.

பூட்டைத் திறந்த அந்த நிமிடமே வண்டி சட்டப்படி மோட்டார் வாகனமாகிவிடுகிறது. அதன்பின் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் ரூ.5,000 அபராதம், பதிவு இல்லாவிட்டால் முதல் முறை ரூ.5,000 வரை, இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் ரூ.2,000 அல்லது மூன்று மாதம் வரை சிறை. அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சரி, பதிவு செய்துகொள்கிறேன் என்று பிறகு ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போனாலும் வழியில்லை. அந்த வேகத்தில், அந்தத் திறனில் ஓட அந்த மாதிரிக்கு யாரும் சான்று கொடுக்கவில்லை. வீட்டில் கட்டிய 1,000 வாட் சைக்கிளுக்கும் இதே கதிதான். ஒளித்தே ஓட்ட வேண்டும், ஓட்டுகிற காலம் முழுக்க.

மோதிய பிறகு

அபராதம் சிறிய விஷயம். மாட்டினால்தானே கட்டப் போகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். விபத்து நடந்த பிறகு நடப்பதைத்தான் இந்த வண்டிகளை வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் யோசிப்பதில்லை.

ஒரு சாதாரண பைக், சாலையைக் கடக்கும் முதியவர் மீது மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பைக்குக்கு எண் இருக்கிறது. எண்ணை வைத்து உரிமையாளரையும் இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் கண்டுபிடிக்கலாம். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். முதியவரின் வயது, வருமானம், காயத்தின் தன்மை ஆகியவற்றைப் பார்த்துத் தீர்ப்பாயம் ஒரு தொகையைச் சொல்லும். தாமதம் ஆகும், வக்கீல் செலவு ஆகும். ஆனாலும் பணம் கொடுக்க ஒரு நிறுவனம் இருக்கிறது.

பூட்டு எடுத்த மின் வண்டி மோதினால் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே இல்லை. ஓட்டியவர் நிற்காமல் போய்விட்டால், பார்த்தவர்கள் சொல்ல முடிந்தது ‘நீல கலர் ஸ்கூட்டர், சத்தமே வரல’ என்பது மட்டும்தான். கேமராவில் பதிவாகியிருந்தாலும் அதில் படிப்பதற்கு எண் இல்லை. அடையாளம் தெரியாத வாகனம் மோதியதாக வழக்கு முடிந்தால், 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசுத் திட்டத்தின்படி மரணத்துக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000. கால் எலும்பு முறிந்து ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாத ஒரு கொத்தனாருக்கு ஐம்பதாயிரம் எந்த மூலைக்கு?

ஓட்டியவர் நின்று, பிடிபட்டு, வழக்கும் நடந்தால் நிலைமை இன்னும் சிக்கல். இழப்பீட்டை அவர் தன் கையிலிருந்து தர வேண்டும். சொந்த வீடு இருந்தால் அது ஜப்திக்கு வரலாம். ஒன்றுமே இல்லாதவர் என்றால், பாதிக்கப்பட்டவரின் கையில் தீர்ப்பின் நகல் மட்டும் இருக்கும்.

அடிபட்டது ஓட்டியவரே என்றால்? பதிவு செய்த இருசக்கர வண்டியின் உரிமையாளருக்குக் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு ரூ.15 லட்சம், பூட்டு எடுத்த வண்டிக்காரருக்கு அது கிடையாது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழகத்தில் இருக்கிறது. உயிர் காக்கும் நல்ல திட்டம். ஆனால், தலைக்காயத்தின் சிகிச்சை 48 மணி நேரத்தில் முடிவதில்லை.

தலைக்காயம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 25 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு ஏழு மீட்டர் நகர்கிறது, 50 கி.மீ. வேகத்தில் பதினான்கு மீட்டர். குறுக்கே வந்த நாயைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்பதற்கான தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகிவிடுகிறது. மோதலின் ஆற்றலும் அதே கணக்குத்தான். 25 கி.மீ.க்காகச் செய்த சிறிய டிரம் பிரேக், மெல்லிய டயர், லேசான ஃபிரேம் ஆகியவை இந்தக் கணக்குக்குத் தயாராக இல்லை. ஹெல்மெட்டும் இல்லை. ஹெல்மெட் போட்டால் இது சைக்கிள் இல்லை என்று தெரிந்துவிடும் என்று ஒருவர் விளக்கம் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒளித்து ஓட்டுவதற்குத் தலையைப் பணயம் வைக்கிறார்கள்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். நாடு முழுவதும் இறந்தவர்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேலானோர் இருசக்கர வண்டிகளில் போனவர்கள். இந்தச் சாலைகளில்தான் கணக்கில் வராத வண்டிகளையும் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிக்கூட வாசலில்

குறைவேக வண்டிகளை ஓட்டுவதற்கு நம் விதிகளில் குறைந்தபட்ச வயதே இல்லை. மோட்டார் வாகனம் இல்லை என்று சொல்லிவிட்டதால், மோட்டார் வாகனச் சட்டத்தின் வயது வரம்பும் பொருந்தாமல் போய்விட்டது. டியூஷனுக்குப் போக எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கித் தருகிறார்கள். காலையில் அம்மா காய்கறி வாங்கப் போகிற வண்டியை, மாலையில் பையன் இரண்டு நண்பர்களை ஏற்றிக்கொண்டு விரட்டுகிறான்.

பூட்டு எடுக்காத வண்டியாக இருந்தால் சட்டம் தலையிடாது. எடுத்த வண்டியாக இருந்தால், சிறுவர் வாகனம் ஓட்டிக் குற்றம் செய்த வழக்கு பெற்றோர் மீது பாயும்: மூன்று ஆண்டுவரை சிறை, ரூ.25,000 அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடைக்காது. பூட்டை எடுக்கச் சொன்ன கடைக்காரர் இந்த மூன்று வாக்கியங்களையும் எந்தப் பெற்றோரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

பேட்டரிக்குத் தெரியாத ரகசியம்

போலீஸ் கண்ணில் படாமல் இருக்கலாம். பேட்டரியிடம் எதையும் மறைக்க முடியாது. குறைந்த மின்னோட்டத்துக்காகக் கட்டிய பேட்டரியிலிருந்து இரண்டு, மூன்று மடங்கு மின்சாரத்தை உறிஞ்சினால் ஒயர் சூடாகும், இணைப்புகள் தளரும், பேட்டரியின் ஆயுள் குறையும். அதைப் பாதுகாக்கும் மின்சுற்று வேகத்துக்குத் தடையாக இருக்கிறது என்று அதையும் நீக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன்பின் சார்ஜர் மாறுகிறது, பழைய பேட்டரிகளைப் பிரித்துச் சேர்த்த மலிவு பேட்டரி வருகிறது. ராத்திரி முழுக்க அது எங்கே சார்ஜ் ஏறுகிறது? பெரும்பாலும் வாசல் அறையில், நாம் தூங்கும் இடத்துக்கும் வெளியே போகும் கதவுக்கும் நடுவில்.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டரிலிருந்து எழுந்த தீயிலும் புகையிலும் ஒரு தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் மின் ஸ்கூட்டர் ஷோரூமில் பற்றிய தீ, மேலே இருந்த விடுதிக்கும் பரவி எட்டு உயிர்களைப் பலி வாங்கியது. இவற்றைப் பூட்டு எடுத்த வண்டிகளோடு முடிச்சுப்போட நான் முயலவில்லை. தயாரித்து விற்ற நிலையிலேயே பேட்டரிக்கு இவ்வளவு ஆபத்து உண்டென்றால், கைவைத்த பேட்டரியை நம்பித் தூங்குவது எப்படி என்று மட்டும் கேட்கிறேன். அந்தச் சம்பவங்களுக்குப் பிறகு 2022 டிசம்பர் முதல் இரண்டு கட்டமாகப் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. கடையின் பின்புறத்தில் ஸ்பானரோடு உட்கார்ந்திருப்பவரை அந்த விதி எட்டுவதில்லை.

நியூயார்க் நகரில் 2023-ல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். அந்தத் தீ விபத்துகளில் பல மின் சைக்கிள்களோடு தொடர்புடையவை. அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து பாதுகாப்புச் சான்று இல்லாத மின் சைக்கிள்களையும் பேட்டரிகளையும் விற்பதையே நகர நிர்வாகம் தடைசெய்தது. கவனிக்க வேண்டியது, நகர நிர்வாகம் கை வைத்த இடம் கடை என்பதை.

25 கி.மீ. யாருக்குப் போதும்?

பூட்டு எடுப்பவர்கள் எல்லோரையும் ஒரே கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில், ஒன்றிரண்டு யூனிட் மின்சாரத்தில் ஐம்பது கி.மீ. ஓடும் வண்டி ஏழைக்கு வரப்பிரசாதம். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்துத் திரும்பும் பெண், பூக்கூடையோடு சந்தைக்குப் போகிறவர், இரண்டு வேலைகளுக்கு நடுவே உணவு டெலிவரி செய்யும் கல்லூரி மாணவர் ஆகியோர் யாரும் சாகசத்துக்காக வாங்கவில்லை. பதிவு செய்யும் மின் ஸ்கூட்டர் லட்சத்தைத் தொடுகிறது. இது அதில் பாதி விலை.

25 கி.மீ. வேகமும் எல்லாச் சாலைக்கும் பாதுகாப்பானதல்ல. கோவை அவிநாசி சாலையிலோ சென்னை ஜிஎஸ்டி சாலையிலோ, 60 கி.மீ. வேகத்தில் வரும் பஸ்களுக்கு நடுவே 25-ல் ஊர்வதும் ஆபத்துதான். மேம்பாலத்தில் இரண்டு பேரோடு ஏறினால் 250 வாட் மோட்டார் மணிக்குப் பத்து கி.மீ.க்கு இறங்கிவிடும், பின்னால் வருகிற லாரிக்காரர் ஹாரனில் கை வைத்தபடியே வருவார். பூட்டை எடுக்கச் சொல்லும் கை, பல நேரம் இந்தப் பயத்தில் நீட்டப்பட்ட கை.

இவர்கள் மீது எனக்கு உள்ள கரிசனம், ஞாயிறு காலை ஈசிஆரில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு நடுவே 2,000 வாட் சைக்கிளைச் செருகி ஓட்டுகிறவர் மீது இல்லை. பணமும் அறிவும் இருக்கிறவர் அவர். 50 கி.மீ. வேகம் வேண்டுமென்றால் பச்சை எண்பலகையோடு கடையில் நிற்கும் ஒரு வண்டியை வாங்க அவரால் முடியும். சொந்தத் தோட்டத்தில், தனியார் இடத்தில் எத்தனை வாட் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளட்டும். பொதுச்சாலையில் அதைச் சைக்கிள் வேஷம் போட்டு ஓட்டுவது, பக்கத்தில் உண்மையாகவே மிதித்துக்கொண்டிருப்பவருக்குச் செய்யும் துரோகம். நாளைக்கு அரசு மொத்தமாகத் தடைபோட்டால் முதலில் முடங்கப்போவது அந்தப் பூக்கூடைக்காரரின் வண்டி.

பதிவு அவ்வளவு பெரிய சுமையா?

பதிவைத் தவிர்ப்பதற்குச் சொல்லப்படும் காரணம் செலவு. மின் வண்டிகளுக்குப் பதிவுக் கட்டணம் இல்லை என்று மத்திய அரசு 2021 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. தமிழக அரசு சாலை வரி விலக்கும் தந்திருக்கிறது. மிச்சம் இருப்பது மூன்றாம் தரப்புக் காப்பீடு. 2022 ஜூனில் அமலான கட்டணப் பட்டியலின்படி, மூன்று கிலோவாட் வரையிலான மின் இருசக்கர வண்டிக்கு ஆண்டுக்கு ரூ.457. மாதத்துக்கு நாற்பது ரூபாய்கூட இல்லை. முதியவரின் மருத்துவச் செலவுக்கும் ஓட்டியவரின் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவே நிற்பது இந்த நாற்பது ரூபாய்தான்.

ஆக, மக்களைத் தடுப்பது கட்டணம் இல்லை. அலைச்சல். எட்டுப் போடுவதற்கு ஒரு நாள் கூலியை விட வேண்டும், புரோக்கரைப் பார்க்க வேண்டும், மறுபடியும் வா என்பார்கள். லைசென்ஸ் வேண்டாம் என்ற விளம்பரம் இந்த அலைச்சலைத்தான் காசாக்குகிறது.

என்ன செய்யலாம்?

முதல் வேலை கடையில். விதியை மீறி வண்டியை மாற்றி விற்கும் தயாரிப்பாளருக்கும் விற்பனையாளருக்கும் வண்டி ஒன்றுக்கு ரூ.1 லட்சம் அபராதமோ ஓராண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்க 2019 சட்டத் திருத்தத்தில் இடம் இருக்கிறது. சாலையில் பத்து மாணவர்களை நிறுத்துவதைவிட, ஒரு கடைக்கு வாடிக்கையாளர்போல் போய் லாக் எடுத்துத் தருவீர்களா என்று கேட்பது போக்குவரத்துத் துறைக்கு எளிது. நகரத்துக்குச் சில கடைகளில் இப்படிச் செய்தால் மற்றவர்கள் தாமாகவே நிறுத்திக்கொள்வார்கள்.

சாலையில் விரட்டிப் பிடிப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. 2023 மே மாதம் பிரிட்டனின் கார்டிஃப் நகரில், அதிகத் திறன் கொண்ட மின் பைக்கில் போன 15, 16 வயதுச் சிறுவர்கள் இருவர் விபத்தில் இறந்தார்கள். சற்று முன்பு போலீஸ் வேன் அவர்கள் பின்னால் போனது கேமராவில் பதிவாகியிருந்தது. அன்றிரவு அந்தப் பகுதியில் கலவரமே வெடித்தது. நிற்க வைத்துச் சோதிக்க வழி இருக்கிறது. நெதர்லாந்தில் போலீசார் வண்டியின் சக்கரத்தை உருளைகள் மீது ஏற்றி ஓடவிட்டு, எவ்வளவு வேகம் போகிறது என்று சாலையோரத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு கருவி வாங்குவது பெரிய செலவில்லை.

அடுத்தது, இடைப்பட்ட ஒரு வகை. 25 கி.மீ.க்கும் முழு ஸ்கூட்டருக்கும் நடுவே மின் வண்டிக்கென்று எளிய ஒரு படி இல்லாததால்தான் மக்கள் திருட்டுத்தனமாக நடுவில் போகிறார்கள். நெதர்லாந்து 2017 ஜனவரி முதல் 45 கி.மீ. வேக மின் சைக்கிள்களை மொபெட்டாக வகைப்படுத்தி எண்பலகை, ஹெல்மெட், லைசென்ஸ் என்று ஒழுங்குபடுத்தியது. நமக்கும் இது புதிதில்லை. 1980-ல் ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50 ஒரு தலைமுறையையே சுமந்தது. 50 சிசிக்குள் உள்ள மோட்டார் சைக்கிளை 16 வயதிலேயே ஓட்ட நம் சட்டம் இன்றும் அனுமதிக்கிறது. மின் மோட்டாருக்கு சிசி ஏது? சட்டத்தில் இருக்கும் இந்தப் படியை வாட் கணக்கில் மாற்றி எழுதினால் போதும். 45 கி.மீ. வரை ஒரு மின் மொபெட் வகை, கடையிலேயே பதிவும் ஐந்தாண்டுக் காப்பீடும், அரை நாளில் முடியும் எளிய தேர்வு. விலையில் இரண்டாயிரம், மூவாயிரம் கூடும். வாங்குகிறவர்கள் கொடுப்பார்கள்.

உண்மையான குறைவேக வண்டிகளுக்கும் குறைந்தபட்ச வயது வேண்டும். பிரிட்டனில் 14. நாமும் அதையே வைத்துக்கொள்ளலாம், ஹெல்மெட்டையும் சேர்த்து. டெலிவரி நிறுவனங்கள் ஊழியரைச் சேர்க்கும்போது அவர் ஓட்டும் வண்டியின் சான்றைப் பார்த்தாக வேண்டும் என்று மாநில அரசு உத்தரவிடலாம். பத்து நிமிடத்தில் பார்சல் வேண்டும் என்று நெருக்கிவிட்டு, ஊழியர் எந்த வண்டியில் வருகிறார் என்று தெரியாது எனக் கைகழுவுவதை இனியும் அனுமதிக்கக் கூடாது.

ஏற்கெனவே பூட்டு எடுத்த வண்டியை வைத்திருப்பவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுக்கலாம். விற்ற கடையே இலவசமாகப் பழைய நிலைக்கு மாற்றித் தர வேண்டும். வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்கக் கூடாது. அதுவரை அரசை எதிர்பார்க்காமல் வீட்டில் செய்யக் கூடியவை சில உண்டு. வண்டியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். ஹெல்மெட் போடுங்கள், சைக்கிள்காரர் சிரித்தாலும் பரவாயில்லை. வாசற்படியை அடைத்தபடி சார்ஜ் போடாதீர்கள், தூங்கும்போது போடவே வேண்டாம். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறெதையும் செருகாதீர்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள், சோதனை அமைப்பு கொடுத்த சான்றின் நகலைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். மோட்டாரின் திறனையும் உச்ச வேகத்தையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.